கடல் கடந்து வந்த பொரியல்

மரக்கறிகளை மாக்கரைசலிலே தோய்த்து, எண்ணெயிற் பொரித்தெடுத்து, சுவையான சாறொன்றைத் தொட்டுக்கொண்டு உண்ணும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. வாழைக்காயையும் கத்தரிக்காயையும் கடலைமாவிலே தோய்த்துப் பஜ்ஜியாக்கிச் சம்பலோடு உண்பது நம்மவர் வழக்கம். யப்பானியர் இவ்வாறு செய்யும் பலகாரத்துக்குத் தெம்புரா என்பது பெயர். அந்நாட்டின் தனிச்சிறப்பான உணவுகளுள் ஒன்றாக உலகம் அதனைப் போற்றுகின்றது. ஆயின், அதன் வரலாற்றைத் தேடிச் செல்வோர் போர்த்துக்கல் வரை செல்லவேண்டியிருக்கின்றது. யப்பான் தன் மண்ணிலிருந்து துரத்திவிட்ட அந்நியரே இவ்வுணவை அங்கே விட்டுச் சென்றவர்கள் என்பது வியப்புக்குரிய செய்தியாகும்.

1543 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேய வணிகர் சிலர் யப்பானின் தென்பாலுள்ள தனேகசிமா என்னுந் தீவை அடைந்தனர். முத்துக்குளித்துறையிலே தமிழ்ப் பரதவர் மத்தியிற் சமயப்பணி புரிந்த பிரான்சிஸ் சவேரியார், 1549 இல் ககோசிமாவிற் கரையிறங்கினார். 1571 தொடக்கம் நாகசாக்கித் துறைமுகம் போர்த்துக்கேயரின் வணிகத் தலமாயிற்று. துப்பாக்கியோடும் வேதத்தோடும் அவர்களுடைய சமையலும் அங்கே கரையேறிற்று.

அக்காலக் கத்தோலிக்கர் ஆண்டின் நான்கு பருவங்களிலும் மும்மூன்று நாள் புலால் நீக்கி நோன்பிருப்பர். அந்நாள்களைக் குறிக்கும் இலத்தீன் பெயரிலுள்ள ‘தெம்போரா’ என்னுஞ் சொல்லே தெம்புரா எனத் திரிந்தது என்பது ஒரு சாரார் கொள்கை. சுவையூட்டும் பொருளைக் குறிக்கும் ‘தெம்பேரோ’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லே மூலம் என்பர் வேறு சிலர். சொல்லின் பிறப்பு எதுவாயினும், பண்டத்தின் உறவு தெளிவானது. போர்த்துக்கேயர் போஞ்சிக்காயை மாவிலே தோய்த்துப் பொரித்து, ‘தோட்டத்துச் சிறுமீன்’ என்ற பெயரால் இன்றும் உண்கின்றனர். பொரித்த சிறுமீன் போலத் தோன்றுவதால் வந்த பெயர் அது.

போர்த்துக்கேயரின் செல்வாக்கு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1614 இல் தொக்குகாவா ஆட்சியினர் கிறித்தவ சமயத்தை நாடெங்கும் தடைசெய்தனர். நம்பிக்கையைக் கைவிட மறுத்தோர் பலர் உயிரிழந்தனர். 1637 இல் எழுந்த சிமபாராக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னர், 1639 இல் போர்த்துக்கேயக் கப்பல்கள் வருவதே விலக்கப்பட்டது. சமயத்தடை 1873 வரை நீங்கவில்லை. இத்துணைக் கடுமையான ஆட்சியிலும் தெம்புரா ஒழியவில்லை. ஏனெனில் அது அதற்குள் அந்நாட்டார் உணவாய் மாறத் தொடங்கியிருந்தது. புலால் மறுத்த பௌத்த மடங்களில் மரக்கறிச் சமையல் முன்னரே வேரூன்றியிருந்தது. மரக்கறிப் பொரியலை யப்பானியர் ‘சோஜின் அகே’ என்பர். அதிலுள்ள சோஜின் என்னுஞ் சொல், சமய ஒழுக்கம் பற்றிப் புலால் நீக்குதலைக் குறிப்பதாகும். ஒரு சமயத்தவர் நோன்புக்கு ஏற்ற உணவு, மற்றொரு சமயத்தவர் விரதத்துக்கும் ஏற்றதாயிற்று.

இன்று தோக்கியோ எனப்படும் எதோ நகரிலே தெம்புரா புதிய வடிவம் பெற்றது. அந்நகரின் வீடுகள் மரத்தாலும் கடதாசியாலும் அமைந்தவை. 1657 இல் மூண்ட பெருந்தீ நகரின் பெரும்பகுதியை அழித்தது. தீயின் அச்சம் நீங்காத அவ்வூரில், கொதிக்கும் எண்ணெய்க்கு வீட்டினுள்ளே இடமிருக்கவில்லை. ஆகவே தெம்புரா தெருவோரக் கடைகளில் விற்கப்பட்டது. குச்சியிற் குத்திய துண்டுகளை வாங்கியோர், அங்கேயே சாற்றில் தோய்த்து நின்றபடி உண்டனர். நாகசாக்கித் தெம்புராவின் மாவிலே உப்பும் சீனியும் கலப்பதால், அதற்குத் தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டியதில்லை. எதோவிலோ மா சுவையூட்டப்படாது நின்றது. சுவை சாற்றுக்கு மாறிற்று.

அச்சாற்றின் அடிப்படை நம்மவர்க்கும் அந்நியமானதன்று. நம் அடுக்களைகளில் வழங்கும் மாசி எந்தச் சூரைமீனாற் செய்யப்படுகின்றதோ, அதே மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்திச் சீவிய சீவலையும் கடற்பாசியையும் நீரிலிட்டுச் சாறெடுப்பர். அதனுடன் சோயா அவரையைப் புளிக்கவைத்துப் பெற்ற கருஞ்சாறும் இனிப்பான அரிசி மதுவும் சேரும். மீன் விலக்கிய மடங்களிற் கடற்பாசிச் சாறே போதுமானது. துருவிய முள்ளங்கியை இதிலே கலந்துகொள்வது எண்ணெயின் திகட்டலை மாற்றும்.

எண்ணெய் மலிந்து, அடுப்புகளும் திருந்திய பிற்காலத்திலே தெம்புரா வீட்டுச் சமையலாயிற்று. செய்முறை எளிது, கவனமே வேண்டும். முட்டையைக் குளிர்ந்த நீரிலே கலக்கி, கோதுமைமாவைச் சேர்த்து, கட்டிகள் சில எஞ்சியிருக்கும்போதே கலக்குதலை நிறுத்திவிடுவர். நீர் குளிர்ந்திருந்து கலக்குதலும் குறைந்தால், மாவின் பசைத்தன்மை மிகாது. பொரியலும் மொறுமொறுப்பாக அமையும். கத்தரி, பூசணி, வத்தாளங்கிழங்கு, தாமரைக்கிழங்கு என்பவற்றை மெல்லிய வில்லைகளாக்கி, ஏறத்தாழ 170 பாகை வெப்பமுள்ள எண்ணெயிலே, தாச்சியை நிரப்பிவிடாது, சிலசிலவாக இட்டுப் பொரிப்பர்.

யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கேயர் கைப்பற்றியது 1619 இல். ஒல்லாந்தர் அவர்களை அங்கிருந்து அகற்றியது 1658 இல். அவர்கள் அகன்ற பின்னரும் பாண் என்னும் பெயர் இங்கே நிலைத்தது. யப்பானியரும் அதே போர்த்துக்கேயச் சொல்லை ஏற்றுப் பாண் என்றே இன்றும் வழங்குகின்றனர். அரசரின் ஆணை கப்பலைத் திருப்பிவிடலாம், கோவிலை மூடிவிடலாம். அடுக்களையிற் புகுந்துவிட்ட உணவை, அங்கே சமைக்கும் மக்கள் தம் மண்ணின் சுவைக்கேற்ப மாற்றித் தமதாக்கிக்கொள்கின்றனர். அவ்வாறு தமதாக்கிக்கொண்டதை எந்த ஆணையாலும் திரும்பப் பெறுதல் எளிதன்று.