நான்கு கைகளும் ஒரு வெள்ளைப் புடவையும்

கொல்கத்தாவில் நாற்பது வருஷமாகப் புடவை வியாபாரம். ஆகவே படத்தில் அம்பாளைப் பார்த்தாலும் என் கண் முதலில் புடவைக்குத்தான் போகும். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரவிவர்மா (1848–1906) 1896இல் லட்சுமியையும் சரஸ்வதியையும் வரைந்தார். நான்கு கைகள் தெய்வத்துக்குரியவை. புடவைக்கட்டோ பெரிய வீட்டுப் பெண்களுடையது. பம்பாயில் 1894இல் அவர் தொடங்கிய அச்சகத்தின் வழியே இத்தகைய படங்கள் சாதாரண வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்தன. தெய்வம் பெண்ணானதா, பெண் தெய்வமானாளா என்ற வழக்கு அங்கேயே ஆரம்பம்.

1905இல் அவனீந்திரநாத் தாகூர் ‘பாரத மாதா’வைத் தீட்டினார். முதலில் அவள் ‘வங்க மாதா’தான். காவி உடுத்திய இளம்பெண். நான்கு கைகளிலும் ஆயுதம் கிடையாது. நெற்கதிர், வெள்ளைத் துணி, ஏடு, ஜபமாலை. அதாவது அன்னம், வஸ்திரம், கல்வி, தீட்சை. எங்கள் சமணத்திலும் தானம் நான்கு: உணவு, மருந்து, சாத்திரம், அபயம். ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் கணக்கில் துணி இல்லை. அவள் கையில் அபயம் இல்லை. துணி வந்த காரணம் வெளிப்படை. வங்கப் பிரிவினையை எதிர்த்து அவ்வாண்டு ஆகஸ்டு 7இல் அந்நியப் பொருள் பகிஷ்காரத் தீர்மானம் நிறைவேறியது. வீட்டுக்கு எந்தத் துணி என்று தீர்மானிப்பவள் பெண் என்பது எந்தக் கடைக்காரனுக்கும் தெரியும். சகோதரி நிவேதிதா இந்தப் படத்தை மனமாரப் போற்றினார். எனக்கு ஒரு குறை உண்டு: இவள் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள், அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

பிகாஷ் பட்டாச்சார்ஜி (1940–2006) துர்க்கை வரிசையில் சாதாரணப் பெண்களின் நெற்றியில் மூன்றாம் கண்ணை வைத்தார். அர்பிதா சிங், 1937இல் பராநகரில் பிறந்து டில்லியில் வாழ்பவர், 1990இல் ‘தேவி பிஸ்டல் வாலி’ வரைந்தார். பல கைகள், வெள்ளைப் புடவை, ஒரு கையில் துப்பாக்கி.

கரையில்லாத வெள்ளைத் துணிக்கு இங்கே ‘தான்’ என்று பெயர், விதவைகளுக்கானது. அதை வாங்க மைத்துனரோ மகனோதான் வருவார்கள். உடுத்தப்போகிறவளை நான் பார்த்ததே அபூர்வம். விலை சொல்லி, மடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தேவியின் முகத்தைப் பார்த்ததும் அவர்கள் வரிசையாக வந்து நின்றார்கள்.

“கொல்லாமை நமக்கு விரதம், இந்தத் துப்பாக்கியை நான் ஒப்பமாட்டேன்” என்று வீட்டில் சொன்னேன்.

“சரி. நீங்க துணியை மடிச்சுக் குடுத்தீங்களே, அன்னிக்கு அவளுக்கு அபயம் குடுத்தது யாருங்க?” என்றாள் மனைவி.

கடை திறக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.