மொழிபெயர் தேயத்தில் நாம்

ஐதராபாத்திலும் சிகந்தராபாத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பலவற்றை இங்கே கொணர்ந்தது 'டிரான்ஸ்பர்' என்னும் ஆங்கிலச் சொல்லே. 1966ஆம் ஆண்டில் சிகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மத்திய இரயில்வே அமைந்தது. இரயில்வே, வங்கி, இராணுவம் எனப் பல துறைகளில் பணிபுரிந்தோர் மாற்றல் ஆணையுடன் இந்நகரை வந்தடைந்தனர். அச்சொல்லுக்கும், நம் பிள்ளைகள் பள்ளியில் பயிலும் 'டிரான்ஸ்லேட்' என்னும் வினைக்கும் உள்ள உறவை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இலத்தீனில் 'டிரான்ஸ்' என்பது அப்பால் எனவும், 'பெர்ரே' என்பது கொண்டுசெல்லுதல் எனவும் பொருள்படும். இவ்வினையின் நிகழ்கால வடிவிலிருந்து டிரான்ஸ்பர் பிறந்தது. 'லாத்துஸ்' என்னும் அதன் எச்ச வடிவிலிருந்து டிரான்ஸ்லேட் பிறந்தது.  வேர் வேறுபடினும் வினை ஒன்றே. ஆங்கிலத்தில் ஒரு பேராயரை மற்றொரு மறைமாவட்டத்துக்கு மாற்றுதலையும் டிரான்ஸ்லேட் என்றே வழங்கினர்.

இனித் தமிழுக்கு வருவோம். 'மொழிபெயர்' என்பதில் உள்ள பெயர், ஒருவரை அழைக்கும் பெயரன்று. இடம்விட்டு நகர்தலைக் குறிக்கும் வினை. 'புலம்பெயர்' என்பதிலும் அதுவே உள்ளது. மொழிபெயர்ப்பைத் தொல்காப்பிய மரபியல் வழிநூல் வகை நான்கனுள் ஒன்றாக வைத்தது. மாமூலனாரோ மொழி வேறுபட்ட நாட்டை 'மொழிபெயர் தேயம்' என்றார். அகநானூற்றின் 211ஆம் பாட்டில் அது வேங்கடத்துக்கு அப்பால் உள்ளது. குறுந்தொகையின் 11ஆம் பாட்டில் வடுகர் எல்லைக்கு அப்பால் உள்ளது. அங்குச் சென்ற தலைவனை நினைந்து வருந்தும் தலைவி, அவனிருக்கும் நாட்டுக்கே புறப்படுமாறு தன் நெஞ்சைத் தூண்டுகிறாள். வேங்கடத்துக்கு வடக்கே குடியேறிய நமக்கு அவள் நிலை புதிதன்று.

நாம் வந்து சேர்ந்த இந்நகரும் மொழிபெயர்ப்பை நன்கறிந்தது. உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டு 1918இல் உசுமானியாப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதற்கு வேண்டிய நூல்களை ஆக்க 1917இலேயே 'தாருல் தர்ஜுமா' என்னும் மொழிபெயர்ப்பு நிலையம் நிறுவப்பட்டது. தர்ஜுமா என்பது அரபுவழி வந்த சொல். தெலுங்கர் அச்சொல்லையும் வழங்குவர். பின்பற்றிச் சொல்லுதல் என்னும் பொருளுடைய 'அனுவாதம்' என்பதையும் வழங்குவர்.

இவற்றையெல்லாம் இன்று நாம் நினைவுகூரக் காரணம் உண்டு. பாட்டி தமிழில் கூறும் கதையைக் கேட்ட பேரன், தாயை நோக்கி 'டிரான்ஸ்லேட் செய்' என்று கேட்கும் இல்லங்கள் நம்மிடையே பெருகி வருகின்றன. தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் அவன் நாவில் சரளமாக உள்ளன. பாட்டியின் மொழி மட்டும் பிறமொழியாகிவிட்டது.

நம் இலக்கணம் இங்கு நமக்கு வழிகாட்டுகிறது. 'பெயர்ந்தான்' என்பது தன்வினை. 'பெயர்த்தான்' என்பது பிறவினை. நாம் புலம் பெயர்ந்தோம். ஆணை வந்தது, புறப்பட்டோம். மொழியோ நம் பெட்டி படுக்கையோடு தானே வந்து சேர்வதன்று. அதனை நாம்தான் எடுத்துவந்து, அடுத்த தலைமுறையின் கையில் சேர்த்தல் வேண்டும். நாள்தோறும் அரைமணி நேரம் பேரனைப் பாட்டியின் அருகே அமர்த்தித் தமிழ் எழுத்துகளைக் கற்பித்தால், அவளது கதைக்கு இடையில் ஒருவர் நின்று பொருள் கூறவேண்டிய நிலை நீங்கும்.