கொடியை அச்சிடுமுன் கோடுகளை எண்ணுவோம்

ஆகஸ்டு மாதம் பிறந்தால் விளம்பரங்களிலும் பதாகைகளிலும் பள்ளி மலர்களிலும் ஜாலூர் கெமிலாங் இடம்பெறுவது வழக்கம். அதன் ஒவ்வொரு கோட்டிற்கும் வரலாறு உண்டு.

கொடி வடிவமைப்புப் போட்டிக்கு வந்த 373 வடிவங்களுள் ஜொகூரைச் சேர்ந்த முகமது ஹம்சாவின் வடிவமே இறுதியில் தேர்வாயிற்று. 1950 மே 26ஆம் நாள் முதன்முதலாக ஏற்றப்பட்ட கொடியில் 11 கோடுகளும் 11 முனைகள் கொண்ட விண்மீனும் இருந்தன. 1963இல் சபா, சரவாக், சிங்கப்பூர் இணைந்தபின் இரண்டும் 14 ஆயின. 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. பதினான்காவது கோடு கூட்டரசைக் குறிக்கலாயிற்று. எனவே, வரைபவர் ஒரு கோட்டை விட்டால் ஒரு மாநிலமே விடுபட்டதாகும்.

வணிகத்திற்கு நாட்டுச் சின்னங்களைப் பயன்படுத்துவதை 1963ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. 2025 ஏப்ரலில் ஒரு நாளிதழின் முகப்புப் படத்தில் பிறை விடுபட்டபோது காவல்துறை விசாரணை நடந்தது.

பிறநாட்டுக் கொடிக்கும் இம்மரியாதை உரியது. 2017இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் கையேட்டில் இந்தோனேசியக் கொடி தலைகீழாக அச்சாகியது. சிவப்பு கீழே, வெள்ளை மேலே! மலேசியா மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

பள்ளி மலர் அச்சகம் செல்லுமுன் கோடுகளையும் விண்மீனின் முனைகளையும் மாணவர்களையே எண்ணச் செய்வோம். அதுவும் ஒரு வரலாற்றுப் பாடமாகும்.