கான்பூர் இந்திய-அமெரிக்கத் திட்டம்

கான்பூர் இந்திய-அமெரிக்கத் திட்டம் என்பது இந்தியாவின் உத்தரப் பிரதேச மாநிலத்தில் உள்ள கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தை வளர்த்தெடுக்க, ஒன்பது அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்கள் இணைந்து செயற்படுத்திய கூட்டுத் திட்டம் ஆகும். இது 1962 முதல் 1972 வரை நடைபெற்றது. இந்தியாவில் கணினியியல் ஒரு கல்வித் துறையாக உருவானதில் இத்திட்டத்துக்கு முதன்மையான பங்கு உண்டு.

பின்னணி

இந்தியாவில் உயர்தரத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் சிலவற்றை அமைக்க வேண்டும் என்று விடுதலைக்கு முன்னரே சர்க்கார் குழு பரிந்துரைத்தது. அதன்படி முதலாவது கழகம் 1951 இல் கரக்பூரில் தொடங்கப்பட்டது. அடுத்து வந்த கழகங்கள் ஒவ்வொன்றும் ஒரு வெளிநாட்டின் துணையைப் பெற்றன. மும்பைக் கழகத்துக்கு யுனெசுக்கோ வழியாகச் சோவியத் ஒன்றியமும், சென்னைக் கழகத்துக்கு மேற்கு செருமனியும், தில்லிக் கழகத்துக்குப் பிரித்தானியாவும் உதவின. 1959 இல் தொடங்கிய கான்பூர் கழகத்துக்கு அமெரிக்கா உதவ முன்வந்தது. இதன் முதல் இயக்குநர் பி. கே. கேல்கர் ஆவார்.

பங்குபெற்ற நிறுவனங்கள்

* மசாச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகம்
* கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்
* கலிபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லி
* பிரின்சுடன் பல்கலைக்கழகம்
* மிச்சிகன் பல்கலைக்கழகம்
* ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம்
* பர்டியூ பல்கலைக்கழகம்
* கார்னகி தொழில்நுட்பக் கழகம் (1967 முதல் கார்னகி மெலன் பல்கலைக்கழகம்)
* கேசு தொழில்நுட்பக் கழகம் (1967 முதல் கேசு வெசுட்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம்)

செயல்முறை

திட்டத்துக்கான நிதியை அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி முகமை வழங்கியது. மசாச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் நார்மன் டால் கான்பூரில் திட்டத்தின் முதல் தலைவராக இருந்தார். அமெரிக்கப் பேராசிரியர்கள் கான்பூரில் தங்கிப் பாடத்திட்டங்களை வகுக்கவும் ஆய்வுக்கூடங்களை அமைக்கவும் உதவினர். கான்பூர் ஆசிரியர்கள் அமெரிக்க நிறுவனங்களுக்குச் சென்று பயிற்சி பெற்றனர். கருவிகளும் நூல்களும் அங்கிருந்து தருவிக்கப்பட்டன.

ஒரே பல்கலைக்கழகத்தின் வார்ப்பாகக் கழகம் அமைந்துவிடாமல், துறைக்கேற்ற வல்லுநர்களைப் பல இடங்களிலிருந்து பெறக் கூட்டமைப்பு முறை வழிவகுத்தது. பட்டம் வழங்கும் உரிமையும் நிருவாகமும் முழுமையாகக் கான்பூரிடமே இருந்தன.

கல்விச் சீர்திருத்தங்கள்

அக்காலத்தில் இந்தியப் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டிறுதித் தேர்வே மாணவரின் தகுதியைத் தீர்மானித்தது. கான்பூரில் இதற்கு மாறாக அரையாண்டுப் பருவமுறையும், எழுத்துத் தர மதிப்பீடும், பாடம் நடத்தும் ஆசிரியரே மதிப்பிடும் முறையும் பின்பற்றப்பட்டன. அன்றைய ஐந்தாண்டுப் பட்டப்படிப்பின் தொடக்கத்தில் எல்லா மாணவரும் கணிதம், இயற்பியல், வேதியியல், மானிடவியல் பாடங்கள், பொறியியல் அடிப்படைகள் ஆகியவற்றைப் பொதுவாகக் கற்றனர். பட்டறைப் பயிற்சிக்கு முதன்மை அளித்த அன்றைய போக்கிலிருந்து விலகி, அறிவியல் அடிப்படையில் பொறியியலை அணுகும் முறை இங்கு வலியுறுத்தப்பட்டது. வானூர்திப் பொறியியல் துறைக்கெனக் கழக வளாகத்திலேயே ஓடுபாதையும் பறத்தல் ஆய்வுக்கூடமும் அமைக்கப்பட்டன.

கணினியியல்

1963 இல் ஐபிஎம் 1620 கணினி கான்பூருக்கு வந்து சேர்ந்தது. இது துளையட்டைகள் வழியே இயங்கியது. ஃபோர்ட்ரான் மொழியில் இதற்கு நிரல்கள் எழுதப்பட்டன. இந்தியக் கல்வி நிறுவனங்களில் கணினி அரிதாக இருந்த அக்காலத்தில், மாணவர்களே நிரல் எழுதி இயக்க இங்கு வாய்ப்புக் கிடைத்தது. கணினி மையத்தை அமைக்க உதவியவர்களுள் பெர்க்லியைச் சேர்ந்த ஆரி அசுக்கி குறிப்பிடத்தக்கவர். இவர் எனியாக் கணினியிலும், பின்னர் பிரித்தானியாவில் ஆலன் டூரிங்குடனும் பணியாற்றியவர். பிற நிறுவனங்களின் ஆசிரியர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் குறுகியகால நிரலாக்கப் பயிற்சிகள் நடத்தப்பட்டன. 1966 இல் இன்னும் ஆற்றல்மிக்க ஐபிஎம் 7044 நிறுவப்பட்டது.

ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் இங்குக் கணினியியல் கல்வியை வளர்த்தவர்களுள் முன்னோடி ஆவார். மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் பாடநூல்களை எழுதியமை இவரது சிறப்பான பங்களிப்பாகும். 1971 இல் கணினியியலில் முதுநிலைப் படிப்பு தொடங்கியது. 1984 இல் அது தனித் துறையானது. பின்னாளில் இன்போசிசு நிறுவனத்தை நிறுவியோரில் ஒருவரான நா. ரா. நாராயண மூர்த்தி 1969 இல் கான்பூரில் மின்பொறியியல் முதுநிலைப் பட்டம் பெற்றவர்.

விமர்சனங்கள்

இத்திட்டத்தின் மீது இரண்டு முதன்மையான விமர்சனங்கள் உள்ளன. இந்தியாவின் பொதுப்பணத்தில் பயின்ற பட்டதாரிகளுள் பலர் அமெரிக்காவில் குடியேறினர் என்பது ஒன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை ஒத்த பாடத்திட்டம் அவர்கள் அங்கு மேற்படிப்புக்குச் செல்வதை எளிதாக்கியது. அன்றைய இந்தியத் தொழிற்சாலைகளின் தேவைக்கும் கழகத்தின் பயிற்சிக்கும் இடையே இடைவெளி இருந்தது என்பது மற்றொன்று.

இக்கல்வி இல்லாதிருந்தால் பிற்காலத்தில் இந்திய மென்பொருள் துறைக்குத் தேவையான ஆசிரியர்களும் வல்லுநர்களும் கிடைத்திருக்கமாட்டார்கள் என்பது திட்டத்தை ஆதரிப்போர் வாதம். இரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. வெளியேறியவர்களையும் உள்நாட்டில் துறையைக் கட்டியெழுப்பியவர்களையும் உருவாக்கியது ஒரே வகுப்பறைதான்.

நிறைவு

1971 இல் வங்காளதேசப் போரின்போது இந்திய-அமெரிக்க உறவு கடுமையாகச் சீர்கெட்டது. அடுத்த ஆண்டு திட்டம் முடிவுற்றது. எனினும் அதற்குள் இந்திய ஆசிரியர்களே துறைகளை நடத்தி வந்தமையால் கழகத்தின் பணி தடைப்படவில்லை. வெளியிலிருந்து வரும் உதவி நின்ற பின்னரும் பாடத்திட்டம் நிலைத்திருக்குமா என்பதே இத்தகைய கூட்டுத் திட்டங்களுக்கான உரைகல் எனலாம். கான்பூரில் அது நிலைத்தது.

இவற்றையும் பார்க்க

* இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள்
* சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம்
* ஐபிஎம் 1620
* அறிவாளர் வெளியேற்றம்