மின்வடமும் தீயும்

நுரைச்சோலையில் லக்விஜய அனல் மின் நிலையத்தின் முதலாவது அலகு 2011ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. 2014இல் அந்நிலையத்தின் ஆற்றல் 900 மெகாவாற்றாக உயர்ந்தது. அங்கு பிறக்கும் மின்னை வீடுகளுக்குள் கொண்டுசெல்லும் வடங்கள் யாவும் ஒருநாள் கழிவாகும். அவற்றின் செம்பையும் உறையையும் பிரிப்பவர் யார், எவ்வாறு பிரிப்பர் என்பது ஆராயற்பாலது.

மின்வடத்தின் வரலாறு உலோகத்தையும் காவலியையும் இறுகப் பிணைத்த வரலாறாகும். 1851இல் ஆங்கிலக் கால்வாயில் இடப்பட்ட தந்தி வடத்தின் செப்புக் கம்பிகளை மலாயாப் பகுதியின் கட்டாபெர்ச்சா மரப்பால் போர்த்தியிருந்தது. பின்னர் இறப்பரும், எண்ணெய் தோய்ந்த காகிதமும் பயன்பட்டன. 1926இல் வால்டோ சீமன் பீ.வீ.சீ.யை நெகிழச் செய்தார். 1933இல் இங்கிலாந்தில் பொலியெதிலீன் பிறந்தது. இவ்விரண்டும் மலிவும் உறுதியும் உடையனவாதலின் பழைய காவலிகளின் இடத்தைப் பெரிதும் கைப்பற்றின. பிணைத்தவர்கள் பிரிப்பதைப் பற்றிச் சிந்தித்தாரல்லர்.

அவ்வேலை வறியவரிடம் வந்து சேர்ந்தது. அவர்தம் கைக்கெட்டிய எளிய கருவி தீயாகும். சீனத்தின் குய்யூவிலும் கானாவின் அக்பொக்புளொசியிலும் வடங்கள் திறந்தவெளியில் எரிக்கப்பட்டமை உலகறிந்தது. பீ.வீ.சீ. எரியுங்கால் அதன் குளோரின் டயொக்சின் எனும் கொடிய நஞ்சு உருவாக இடமளிக்கின்றது. தேடப்படும் செம்பே அதற்கு ஊக்கியாகவும் அமைகின்றது. இதனாலேயே 2001இன் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கை, செப்பு வடங்களைப் புகைய எரித்தலை இத்தகைய நஞ்சுகளின் தோற்றுவாய்களுள் ஒன்றாகக் குறித்தது. இலங்கை 2005இல் அவ்வுடன்படிக்கையை ஏற்றது.

தீயின்றிப் பிரிக்கும் வழியும் உண்டு. தடித்த வடத்தின் உறையைக் கீறி உரிக்கலாம். மெல்லிய வடத்தைப் பொடியாக நறுக்கி, அதிரும் தட்டில் காற்றைச் செலுத்தினால், கனத்த செம்பு ஒருபுறமும் இலேசான உறை மறுபுறமும் ஒதுங்கும். சுளகிற் புடைத்து நெல்லையும் பதரையும் பிரிக்கும் நம் மக்களுக்கு இத்தத்துவம் புதிதன்று. எஞ்சிய உறைத்துகளை நீரிலிட்டால் பொலியெதிலீன் மிதக்கும், பீ.வீ.சீ. அமிழும். எனினும் பழைய பீ.வீ.சீ. உறைகள் பலவற்றில் ஈயச் சேர்மங்கள் உள்ளமையால், அவற்றை மீளப் பயன்படுத்துவதிலும் விழிப்பு வேண்டும்.

ஆகவே குறைபாடு அறிவில் இல்லை. செம்புக்கு விலையுண்டு, உறைக்குப் பெரிதும் விலையில்லை, எரிப்பவரின் மூச்சுக்கோ விலையே குறிக்கப்படவில்லை. பிரிக்கும் செலவை வடத்தைச் செய்வோரும் விற்போரும் பயன்படுத்துவோரும் பகிர்ந்து ஏற்கும் வரை, ஊர்களுக்கு ஒளி தந்த செம்பு ஏழையின் முற்றத்தில் புகையாகவே முடியும்.