பழைய கேம்பர் வானில் புதிய ஒலி: வேலை பற்றரியில்தான் தொடங்குகிறது

1990களில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ தந்த மின்னில் வானொலி செய்தி சொன்னது. அந்த டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று. அது தருவது ஆடலோட்டம் என்பதால் டயோட்டும் கொள்ளளவியும் வைத்து அதை நேரோட்டமாக்க வேண்டியிருந்தது. எவ்வளவு மின் வருகிறது, எது நேர் முனை, எது மறை முனை என்று பார்த்த பிறகே வயரைத் தொடுத்தார்கள்.

படுக்கை, அடுப்பு, அலுமாரி பொருத்திய பழைய கேம்பர் வானுக்குப் புதிய ஒலித் தொகுதி போடுகிறவரும் இதே ஒழுங்கில்தான் வேலை செய்ய வேண்டும். புலம்பெயர் நாடுகளில் இத்தகைய வானைத் திருத்தி வைத்திருப்பவர்களுக்கும், ஊரில் பழைய காரைப் பேணுபவர்களுக்கும் இது பொருந்தும். தவறினால் போவது றேடியோ மட்டுமல்ல. மரமும் மெத்தையும் எரிவாயுவும் ஒன்றாக இருக்கும் வண்டியில் வயர் சூடானால் தீப்பிடிக்கலாம்.

முதலில் இரண்டு கேள்விகள்

வண்டி எத்தனை வோல்ற்று? வண்டியின் உடலோடு இணைந்திருப்பது பற்றரியின் எந்த முனை?

ஜெர்மனியின் வொக்ஸ்வாகன் நிறுவனம் 1950இல் தயாரிக்கத் தொடங்கிய புகழ்பெற்ற வான், 1967 மாதிரி ஆண்டுக்கு முன்னர் 6 வோல்ற்றில் இயங்கியது. அதன் பின்னர் 12 வோல்ற்று. பிரித்தானிய வண்டிகளில் சிக்கல் வேறு. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பலவற்றில் 12 வோல்ற்று இருக்கும். ஆனால் பற்றரியின் நேர் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். தடைக்காலத்தில் யாழ்ப்பாண வீதிகளில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40, பழைய மொரிஸ் மைனர் கார்களும் இந்த வகையே.

இன்றைய கார் றேடியோக்கள் 12 வோல்ற்றுக்கும், மறை முனை உடலோடு இணைந்த வண்டிக்கும் செய்யப்பட்டவை. அவற்றின் உலோகப் பெட்டியும் அன்ரெனா வயரின் வெளியுறையும் மறை முனையோடு தொடர்பில் இருக்கும். நேர் முனை உடலோடு இணைந்த வண்டியில் அதை முடுக்கினால், பெட்டி உடலில் தொட்டவுடனேயே குறுஞ்சுற்று ஏற்படும். பியூஸ் இருந்தால் அது எரியும். இல்லாவிட்டால் வயர் எரியும்.

இந்த இரண்டு நிலைமைக்கும் எளிய தீர்வு ஒன்றுண்டு. ஒலிக்கென்று தனியே ஒரு 12 வோல்ற்று பற்றரி வைத்து, வண்டியின் மின்சுற்றோடு அதைத் தொடுக்காமல் விடலாம். சூரியத் தகட்டிலோ வீட்டு மின்சாரத்திலோ அதற்கு சார்ஜ் ஏற்றலாம். நேர் முனை உடலோடு இணைந்த வண்டியென்றால் றேடியோப் பெட்டியும் அன்ரெனாவின் அடியும் உடலில் தொடாதபடி பிளாஸ்ரிக் அல்லது இறப்பர் வைக்க வேண்டும்.

6 வோல்ற்றை 12 ஆக உயர்த்தும் கருவிகளும் உண்டு. ஆனால் 60 வாற்று எடுப்பதற்கு 6 வோல்ற்றுப் பக்கத்தில் குறைந்தது 10 அம்பியர் ஓடும். கருவியில் இழப்பதையும் சேர்த்தால் அது இன்னும் கூடும். 45 வாற்று முன்விளக்குகள் இரண்டுக்கு மட்டுமே 15 அம்பியர் வேண்டும். இரவு ஓட்டத்தில் பழைய டைனமோவால் இரண்டையும் தாங்க முடியாமல் போகலாம்.

வயரும் பியூசும்

பழைய வயரில் புதிய சுமையை ஏற்ற வேண்டாம். அரை நூற்றாண்டு கடந்த காப்புறை இறுகி, வளைத்தால் வெடிக்கும். பற்றரியிலிருந்து புதிய செப்பு வயர் இழுங்கள். பியூஸ் பற்றரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். றேடியோவுக்குப் பின்னால் மட்டும் பியூஸ் வைத்தால், இடையில் உள்ள முழு வயருக்கும் பாதுகாப்பு இல்லை. பியூஸ் காப்பது வயரைத்தான்.

வயரின் தடிப்பையும் கணக்குப் பார்த்தே எடுக்க வேண்டும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 5 மீற்றர் தூரம் போய் வர 10 அம்பியர் ஓடினால் ஏறக்குறைய 0.7 வோல்ற்று வழியிலேயே இழக்கப்படும். 4 சதுர மில்லிமீற்றரில் இழப்பு 0.5 வோல்ற்றுக்கும் குறைவு. 12 வோல்ற்றில் இது தாங்கக்கூடியது. 6 வோல்ற்றில் பெரிய இழப்பு.

தகட்டில் துளை வழியாக வயர் போகும் ஒவ்வொரு இடத்திலும் இறப்பர் வளையம் போடுங்கள். அடுப்புக்கான எரிவாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் தரையோடு படியும். எனவே சிலிண்டர் வைத்த அறைக்குள் பியூஸ், ரிலே, சுவிட்ச் எதுவும் கூடாது.

நின்ற இடத்தில் பாட்டு

கேம்பர் வானில் பாட்டுக் கேட்பது பெரும்பாலும் வண்டி நிற்கும்போதுதான். ஸ்ரார்ட் செய்யும் பற்றரியில் இரவு முழுவதும் கேட்டால் காலையில் வண்டி கிளம்பாது. அடிக்கடி இறங்கி ஏறும் பாவனைக்கென்று செய்த இரண்டாவது பற்றரி வேண்டும். ஈய அமில வகையென்றால் அரைவாசிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். 60 அம்பியர்-மணிப் பற்றரியில் 30 பாவிக்கலாம். 3 அம்பியர் இழுக்கும் தொகுதி 10 மணித்தியாலம் பாடும். சார்ஜ் ஏறும்போது இப்பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரலாம் என்பதால் மூடிய பெட்டியில் வைத்து, வெளியே காற்றுப் போக்கு விட வேண்டும்.

ஸ்பீக்கரும் இரைச்சலும்

கதவை வெட்டாதீர்கள். சீற்றுக்குக் கீழே அல்லது அலுமாரிக்குள் சிறு மரப்பெட்டி செய்து ஸ்பீக்கரை வைக்கலாம். பின்னால் என்ஜின் இரையும் வண்டியில் பெரிய ஸ்பீக்கரை விட, காதுக்கு அருகே இருக்கும் சிறிய ஸ்பீக்கரே தெளிவாகக் கேட்கும்.

அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. பழைய தொகுதிகள் சிலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு வயர் வண்டியின் உடலில் இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய றேடியோவில் அப்படிச் செய்தால் அம்ப்ளிபயர் பழுதாகும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர்கள், றேடியோவிலிருந்து நேராகப் போக வேண்டும்.

என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் சத்தம் கேட்டால், தொகுதியின் மறை வயர்கள் எல்லாம் ஒரே புள்ளியில் சேர்கின்றனவா என்று பாருங்கள். டக் டக் என்ற சத்தமென்றால் பிளக் வயர்களையும் மூடிகளையும் பாருங்கள். தடை கொண்டவை வேண்டும். தகடு அதிர்ந்தால் பியூட்டைல் தாள் ஒட்டலாம். ஒவ்வொரு தகட்டிலும் கால்வாசி முதல் அரைவாசி வரை ஒட்டினாலே போதும். முன்னதாகத் துருவைப் பாருங்கள். தண்ணீர் வடியும் துளைகளை மூடிவிடாதீர்கள்.

முடிக்கும் முன்

தொகுதியை அரை மணித்தியாலம் உரத்துப் பாடவிட்டு, வயரையும் பியூஸ் கூட்டையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வயர் மெல்லியது, அல்லது இணைப்புத் தளர்ந்திருக்கிறது. பின்னர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பற்றரியிலிருந்து எவ்வளவு மின் போகிறது என்று மீற்றரில் அளவுங்கள். 50 மில்லி அம்பியருக்கு மேல் போனால் ஏதோ ஒன்று இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறது.

கழற்றிய பழைய றேடியோவை எறிய வேண்டாம். முகப்பை வெட்டிப் புதியதைச் செருகாமல், சிறிய அம்ப்ளிபயர் ஒன்றைச் சீற்றுக்குக் கீழே மறைத்து வைத்து, கைத்தொலைபேசியிலிருந்து புளூடூத் வழியாகக் கேட்கலாம். முகப்பு அப்படியே இருக்கும். வெட்டிய தகட்டைப் பழையபடி ஆக்குவது கடினம். போட்ட வயரை எப்போதும் கழற்றலாம். பல கைகள் காப்பாற்றி எங்களிடம் வந்து சேர்ந்த வண்டியை, அடுத்தவருக்கும் முழுதாகக் கொடுக்கக்கூடிய வகையில் வேலையை முடிப்பதே சரி.