மேட்டுக்கு மேடு சைக்கிள்: ரிப்ளி ரோடு முதல் பாக்ஸ் ஹில் வரை

இங்கிலாந்துக்கு ஆன்சைட் வந்து எட்டு மாசம் ஆகிறது. ஜாகை கில்ஃபோர்டில். வந்த புதிதில் சனி, ஞாயிறு என்றால் துணி துவைத்து, சாம்பார் வைத்து, ஒரு தூக்கம் போட்டால் முடிந்துவிடும். அப்புறம் ஆபிஸில் ஒருத்தர் விற்ற பழைய ரோடு சைக்கிளை வாங்கினேன். ஹேண்டில்பார் கீழே வளைந்திருக்குமே, அந்த ஜாதி. முதல் மாசம் முதுகுவலி, இரண்டாம் மாசத்திலிருந்து பைத்தியம்.

போன ஞாயித்துக்கிழமை பாக்ஸ் ஹில் ஏறினேன். உயரம் வெறும் 224 மீட்டர். குன்று என்று சொன்னாலே பெருமைதான். ஆனால் ஜிக்ஜாக் ரோடு என்று பெயர் வைத்திருக்கும் அந்த இரண்டரை கிலோமீட்டர் ஏற்றத்தில், பாதி வழியிலேயே எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. அறுபது வயசுத் தாத்தா ஒருத்தர் "மார்னிங்" சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திரும்பி வரும்போது ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "ரோடு டாக்ஸ் கட்டறியா நீ? ஓரமாப் போ" என்கிற தோரணையில் கத்திவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. இந்த ரோட்டில் சைக்கிள் ஓட்ட யார் உரிமை கொடுத்தார்கள் என்று தேடிப் படிக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, இந்தப் பக்கம் சைக்கிள்காரனைத் திட்டுவது நூற்று நாற்பது வருஷத்துப் பழக்கம் என்று. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரோடு. ரயில் வந்த பிறகு இங்கிலாந்தில் குதிரைக் கோச்சு வண்டிகள் படுத்துவிட்டன. ஊருக்கு ஊர் இருந்த சத்திரங்களில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சாலைகளையும் கவனிப்பார் இல்லை. அந்தக் காலியான சாலைகளில்தான் 1870களில், முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்கும் அந்தப் பழைய சைக்கிளில் இளைஞர்கள் கிளம்பினார்கள். 1878ல் ஹாரோகேட் என்ற ஊரில் சைக்கிள் பயணிகளுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 1883லிருந்து அதன் பெயர் சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப். (2016லிருந்து சைக்கிளிங் யூகே.)

இந்தச் சங்கத்துக்காரர்கள் செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. செங்குத்தான இறக்கங்களின் உச்சியில், 'இந்த இறக்கம் ஆபத்தானது' என்று இரும்புப் பலகை வைத்தார்கள். அந்தக் கால சைக்கிளுக்கு பிரேக் என்பது பேருக்குத்தான். கொஞ்சம் ஏமாந்தால் ஓட்டுகிறவர் முன்சக்கரத்துக்கு மேலாகத் தலைகுப்புறப் போய் விழுவார். காருக்காக வைத்த எச்சரிக்கைப் பலகைகளுக்கு முன்னோடி இந்த சைக்கிள் பலகைதான். 1886ல் ரோட்டை ஒழுங்காகப் போடு என்று கேட்பதற்கென்றே இன்னொரு அமைப்பும் வந்தது. அதையும் ஆரம்பித்தது சைக்கிள்காரர்கள்தான். அப்போது இங்கிலாந்துச் சாலைகளில் கார் என்பதே கிடையாது. என்னைத் திட்டிய அண்ணாச்சிக்கு இதைச் சொல்ல வேண்டும் :-)

1888ல் வந்த உள்ளாட்சிச் சட்டம் சைக்கிளும் ஒரு வண்டிதான் என்று சொல்லிவிட்டது. அதாவது ரோட்டில் போக முழு உரிமை. பதிலுக்கு, மற்றவர்களைத் தாண்டும்போது மணி அடிக்க வேண்டும். அதே 1888ல் டன்லப் காற்றடித்த டயரைக் கொண்டுவந்தார். மூன்று வருஷத்துக்கு முன்பே இரண்டு சக்கரமும் ஒரே அளவில் செயின் போட்ட 'ரோவர்' சைக்கிள் வந்திருந்தது. அவ்வளவுதான், லண்டனே சர்ரே குன்றுகளைப் பார்த்துக் கிளம்பிவிட்டது.

எல்லோரும் போன இடம் ரிப்ளி. லண்டனிலிருந்து போர்ட்ஸ்மவுத் போகும் சாலையில் 35, 40 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு சின்ன ஊர். நான் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான். அங்கே 'ஆங்கர்' என்ற விடுதியை நடத்தியது டிபிள் குடும்பம். ஞாயிற்றுக்கிழமையானால் வாசல் முழுக்க சைக்கிள். வந்தவர்களை அந்த வீட்டுப் பெண்கள் அவ்வளவு அன்பாகக் கவனித்திருக்கிறார்கள். அவர்கள் இறந்தபோது சைக்கிள்காரர்களே காசு போட்டு ஊர் தேவாலயத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். சாப்பாடு போட்டவர்களை மறக்காத கூட்டம்.

எச்.ஜி. வெல்ஸ் 1896ல் எழுதிய 'தி வீல்ஸ் ஆஃப் சான்ஸ்' நாவலின் நாயகன் இதே ரோட்டில்தான் லீவு எடுத்துக்கொண்டு சைக்கிளில் போகிறான். துணிக்கடைச் சிப்பந்தி. குதிரை வைத்துக்கொள்ள வசதியில்லாத ஒருவன், யார் தயவும் இல்லாமல் மலையும் காடும் பார்க்கப் போக முடிந்தது. சைக்கிள் செய்த பெரிய காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். சிலருக்கு எரிச்சல் வந்ததும் அதனால்தான்.

எரிச்சலுக்கு ஒரு உதாரணம். 1898ல் ஹார்பர்ட்டன் சீமாட்டி என்பவர் ரிப்ளிக்குப் பக்கத்தில் ஆக்கமில் உள்ள ஹாட்பாய் ஹோட்டலுக்கு சைக்கிளில் வந்தார். பாவாடைக்குப் பதில் முழங்காலோடு நிற்கும் தொளதொள கால்சட்டை போட்டிருந்தார். "இந்த வேஷத்தில் காஃபி ரூமுக்குள் விடமாட்டேன், பக்கத்து மதுக்கூடத்தில் சாப்பிடுங்கள்" என்று விடுதிக்கார அம்மாள் சொல்லிவிட்டார். சைக்கிள் சங்கம் 1899ல் கேஸ் நடத்திப் பார்த்தது. தோற்றது.

வெறும் பயணம் என்றால் இவ்வளவோடு போயிருக்கும். ஆனால் இரண்டு பேர் சைக்கிளில் ஒரு மேட்டைப் பார்த்தால் என்ன நடக்கும்? யார் முதலில் ஏறுவது என்ற பேச்சு வரும். 1887ல் கேட்ஃபோர்டு கிளப் வெஸ்டர்ஹாம் ஏற்றத்தில் போட்டி வைத்தது. பாக்ஸ் ஹில் இருக்கும் அதே நார்த் டவுன்ஸ் சுண்ணாம்பு மலைத்தொடர்தான். பிறகு இடம் மாறி, கென்ட்டில் யார்க்ஸ் ஹில் என்ற குறுகலான சந்துப் பாதைக்குப் போனார்கள். முக்கால் கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் சில இடங்களில் நாலடிக்கு ஓரடி ஏற்றம். உலகத்தில் இன்னும் நடந்துகொண்டிருக்கும் மிகப் பழைய சைக்கிள் பந்தயம் இதுதான் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

இப்போது கதையின் முக்கியமான திருப்பம். 1894ல் லண்டனுக்கு வடக்கே, கிரேட் நார்த் ரோட்டில் நடந்த ஒரு பந்தயத்தில் குதிரை வண்டியோடு சைக்கிள்காரர்கள் மோதி ஒரே களேபரம். போலீஸ் வரை போயிற்று. தேசிய சைக்கிள் யூனியனுக்கு நடுக்கம் வந்துவிட்டது. பந்தயத்தால் கெட்ட பெயர் வந்து, 1888ல் கிடைத்த உரிமையே போய்விட்டால்? அந்தப் பயத்தில், 1890களின் இறுதிக்குள் பொதுச் சாலையில் பந்தயமே கூடாது என்று யூனியனே தடை போட்டுவிட்டது. கவனியுங்கள், அரசாங்கம் போட்ட தடை இல்லை. சைக்கிள்காரர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட தடை.

அந்த 1894 பந்தயத்தில் ஓட்டியவர்களில் ஒருவர் எஃப்.டி. பிட்லேக். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லோரும் கும்பலாக ஓட்டினால்தானே பந்தயம்? நிமிஷத்துக்கு ஒருத்தராகக் கிளம்பி, தனித்தனியாக ஓட்டி, கடிகாரத்தைப் பார்த்து ஜெயித்தவரைச் சொன்னால்? 1895 அக்டோபரில் 50 மைலுக்கு அப்படி ஒன்று நடத்தினார்கள். நம்ம பாஷையில் சொன்னால் பக்கா ஒர்க்-அரவுண்ட்.

அதை ரகசியமாக நடத்திய விதம் இருக்கிறதே, துப்பறியும் கதை மாதிரி. விடியற்காலையில் கிளம்புவார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை. பாதையின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடுதான். போட்டி விவரத் தாளில் 'ரகசியம்' என்று போட்டிருக்கும். வழியில் பார்க்கிறவருக்கு, யாரோ ஒருத்தர் காலையில் வேகமாக வேலைக்குப் போகிறார் என்று தோன்ற வேண்டும். அந்தக் குறியீட்டு வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. தற்காலிக ஒர்க்-அரவுண்ட் அரை நூற்றாண்டு ஓடினால் அதுவே ஃபீச்சர் ஆகிவிடும், நமக்குத் தெரியாதா என்ன?

அந்த ஃபீச்சரை உடைத்தவர் பெர்சி ஸ்டாலர்ட். வுல்வர்ஹாம்ப்டன்காரர். 1933, 1934ல் ஐரோப்பாவில் நடந்த உலகப் போட்டிகளில் கும்பலாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவர். அங்கெல்லாம் மலைகளுக்குள் பந்தயம் நடக்கிறது, ஊரே வேடிக்கை பார்க்கிறது, இங்கே மட்டும் ஏன் கறுப்புச் சட்டை என்பது அவர் கேள்வி. போர்க்காலம், பெட்ரோல் ரேஷன், ரோடெல்லாம் காலி. இதை விட்டால் வேறு சமயம் கிடையாது என்று 1942 ஜூன் 7ம் தேதி வேல்ஸின் லங்கோலனிலிருந்து எல்லை தாண்டி வுல்வர்ஹாம்ப்டன் வரை 59 மைல் பந்தயம் வைத்தார். ஒளிவுமறைவு இல்லை, முன்கூட்டியே போலீஸுக்குச் சொல்லிவிட்டார். அவர்கள் மறுக்கவில்லை, உதவியே செய்தார்கள். 40 பேர் ஓட்டினார்கள். முடிவில் வேடிக்கை பார்க்க ஆயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். ஆல்பர்ட் பிரைஸ் ஜெயித்தார்.

போலீஸ் ஒன்றும் சொல்லவில்லை. தண்டித்தது யூனியன்தான், காலவரையின்றி விலக்கி வைத்தது! அதே வருஷம் நவம்பரில் ஸ்டாலர்டும் நண்பர்களும் தனி லீக் ஆரம்பித்தார்கள். பங்காளிச் சண்டை 1959 வரை நடந்தது. அந்த வருஷம் இரண்டும் இணைந்தன. ஸ்டாலர்டுக்கு அதுவும் பிடிக்கவில்லை. துரோகம் என்றார். 2001ல் இறக்கும் வரை அவர் மனசு மாறவில்லை.

பிட்லேக் 1933ல் கார் மோதிய காயத்தில் இறந்தவர். அவர் பயம் வெற்றுப் பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சாலையில் எளியவன், வலியவனிடம் ஒதுங்கிப் போய்த்தானே பிழைக்கிறான்? ஆனால் ஒதுங்கி ஒதுங்கி அரை நூற்றாண்டு போய்விட்டது. 1903ல் ஆரம்பித்த டூர் த ஃபிரான்ஸை ஒரு பிரிட்டிஷ்காரர் ஜெயிக்க 2012 ஆக வேண்டியிருந்தது.

அந்த 2012ல்தான் ஒலிம்பிக். லண்டனில் கிளம்பிய ரோடு ரேஸ், ரிப்ளி வழியாக வந்து பாக்ஸ் ஹில்லை ஆண்களுக்கு ஒன்பது தடவையும் பெண்களுக்கு இரண்டு தடவையும் சுற்றியது. 'ஆங்கர்' ஊர்வழியாக, பட்டப்பகலில், கலர் கலர் சட்டையில்! ஆண்களில் வினோகுரோவ், பெண்களில் மரியானே வோஸ் தங்கம் வாங்கினார்கள். 2013லிருந்து 2019 வரை வருஷா வருஷம் பொதுமக்களும் இந்த மேடுகளில் 100 மைல் ஓட்டினார்கள். ரோடு மூடுவதால் தொந்தரவு என்று உள்ளூரில் புகார் வலுக்க, 2020ல் சர்ரே கவுன்சில் இனி வேண்டாம் என்று முடிவெடுத்தது. நிகழ்ச்சி 2022ல் எசெக்ஸுக்குப் போய்விட்டது. பழைய சண்டை அப்படியேதான் இருக்கிறது.

அந்த ரோடு டாக்ஸ் சமாச்சாரம்? வண்டி வரியை ரோட்டுக்கென்றே ஒதுக்கும் முறை 1937லேயே போய்விட்டது. இப்போது ரோடு போடுவது எல்லார் வரிப்பணத்திலும்தான். மாசாமாசம் என் சம்பளத்தில் பிடிப்பதும் அதில் சேர்த்தி.

அடுத்த ஞாயிறு லீத் ஹில். 294 மீட்டர். கறுப்புச் சட்டை கிடையாது, இருப்பதிலேயே பளிச்சென்ற மஞ்சள் சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறேன்.